‘பாஸ்’ பட்டன் இல்லாத வானம்

ஆன்லைன் போர் விளையாட்டில் முதன்முதலாக விமானத்தில் ஏறுபவரை எதிரி கொல்வது அபூர்வம். ஓடுபாதை முனையில் நிற்கும் மரம் கொல்லும். கப்பல் தளம் முடிகிற இடத்தில் கடல் கொல்லும். அதிலும் தப்பினால், அதே விமானத்துக்காகப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்த சொந்த அணிக்காரர் எரிச்சலில் சுட்டுத் தள்ளுவார்.

2002 செப்டம்பரில் வெளிவந்த ‘பேட்டில்ஃபீல்ட் 1942’ ஆடியவர்களுக்கு இந்த மூன்று சாவும் பழக்கம். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த டைஸ் நிறுவனத்தின் தயாரிப்பு அது. ஒரு சர்வரில் 64 பேர் வரை சேரலாம். நடந்து போகலாம், டாங்கி ஓட்டலாம், கப்பலைச் செலுத்தலாம், விமானத்திலும் ஏறலாம். அதில் பெயர்பெற்ற களம் பசிபிக் கடலின் வேக் தீவு. ஜப்பான் அணியில் சேர்ந்தால் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் ஜீரோ போர்விமானம் தயாராக நிற்கும். புதியவர் ஓடிப்போய் ஏறுவார், இன்ஜினை முடுக்குவார், வேகம் வருவதற்குள் மூக்கைத் தூக்குவார். அப்புறம் தண்ணீர்தான். அடுத்த விமானம் வரும்வரை தளத்தில் நிற்கிற மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வசவு எந்த மொழியில் வரும் என்பது சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வீட்டில் தனியாக ஓட்டும் சிமுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை. தப்பு நடந்தால் ‘பாஸ்’ போட்டு, டீ குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் பாஸ் கிடையாது. எதிரே வருபவரும் ஓர் ஆள். முந்தாநாள் இதே கடலில் விழுந்தவர். இன்றைக்குக் கொஞ்சம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். விளையாட்டோடு வரும் பயிற்சிப் பாடம் எந்த விசை எதற்கு என்று காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். மிச்சத்தைக் கற்றுத்தருவது அந்த எதிராளிதான், பெரும்பாலும் பின்னாலிருந்து சுட்டு.

இந்த ஏற்பாடு இணையம் வீடுகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முந்தியது. 1974இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், பிளேட்டோ என்ற கல்விக் கணினி வலையமைப்பில், பிராண்ட் ஃபோர்ட்னர் என்பவர் ‘ஏர்ஃபைட்’ என்ற விளையாட்டை எழுதினார். ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை, கோடுகளால் ஆன படம். ஆனாலும் வெவ்வேறு முனையங்களில் உட்கார்ந்தவர்கள் ஒரே வானத்தில் துரத்திச் சுட்டுக்கொண்டார்கள். அதே பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக், கணினித் திரையில் பறப்பைக் காட்டுவது பற்றி 1975இல் ஆய்வேடு எழுதினார். பிற்பாடு அவர் உருவாக்கிய நிரல்தான் 1982இல் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் ஆனது. 1980களின் பிற்பகுதியில் கெஸ்மாய் நிறுவனத்தின் ‘ஏர் வாரியர்’ மோடம் வழியாக வந்தது. மணிக்கணக்கில் கட்டணம், சுடுபட்டு விழும் நேரத்துக்கும் மீட்டர் ஓடியது.

முதல் சிக்கல் கையில் தொடங்குகிறது. கார் விளையாட்டில் இடம், வலம், வேகம், பிரேக் தெரிந்தால் போதும். விமானத்துக்கு மூன்று அச்சுகள். மூக்கை மேலும் கீழும் அசைப்பது எலிவேட்டர். சிறகைச் சாய்ப்பது எய்லரான். மூக்கை இடமும் வலமும் திருப்புவது ரட்டர். இவற்றோடு த்ராட்டில், ஃபிளாப், சக்கரம். வலப்பக்கம் போக வேண்டுமானால் ரட்டரை வலப்பக்கம் அழுத்தினால் ஆயிற்று என்றுதான் புதியவர் நினைப்பார். விமானமோ சாய்ந்துதான் திரும்பும்: முதலில் சிறகைச் சாய்க்க வேண்டும், பிறகு கட்டுப்பாட்டுக் குச்சியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இழுத்தால் மேலே, தள்ளினால் கீழே. துப்பாக்கி விளையாட்டுகளில் வருடக்கணக்காக மவுஸ் பிடித்த கைக்கு இது தலைகீழ். தரை முகத்துக்கு நேரே வரும்போது அந்தப் பழைய பழக்கமே முந்திக்கொள்ளும்; மேலே ஏற நினைத்தவர் மவுஸை முன்னால் தள்ளி, இன்னும் வேகமாகப் போய்க் குத்துவார்.

‘ஜிடிஏ ஆன்லைன்’ இதற்கென்றே 2014 ஆகஸ்டில் ஒரு பறக்கும் பள்ளியைத் திறந்தது. லாஸ் சான்டோஸ் விமான நிலையத்தில் பத்துப் பாடங்கள்; தேறினால் பதக்கம். அந்த விளையாட்டில் ஓட்டுபவரின் ‘பறக்கும் திறன்’ என்று தனியாக ஓர் அளவும் உண்டு. அது குறைவாக இருந்தால் விமானம் காற்றில் உலுக்கி எடுக்கும். ஓட்ட ஓட்ட உலுக்கல் அடங்கும். நிஜத்தில் காற்று யாருடைய அனுபவத்தையும் விசாரிப்பதில்லை.

இதைவிடச் சாமர்த்தியமான வழி ‘வார் தண்டர்’ எடுத்தது. கைஜின் என்டர்டெயின்மென்ட் தயாரித்த இந்த இலவச விளையாட்டு 2012 நவம்பரில் பொதுச் சோதனைக்குத் திறந்து, 2016 டிசம்பரில் முழுமையாக வெளியானது. இதில் மவுஸ் விமானத்தை நேரடியாக ஓட்டுவதில்லை. திரையில் ஒரு வட்டத்தை நகர்த்தி, ‘அங்கே போ’ என்று காட்டுகிறது, அவ்வளவுதான். எய்லரான், எலிவேட்டர், ரட்டர் மூன்றையும் அசைத்து மூக்கை அந்த வட்டத்துக்குக் கொண்டுபோவது ‘இன்ஸ்ட்ரக்டர்’ என்ற கண்ணுக்குத் தெரியாத உதவியாளர். குச்சியை அளவுக்கு மீறி இழுத்தால் தடுப்பவரும் அவரே. ஒரு மணி நேரத்துக்குள் யாரும் ஓரளவு பறந்துவிடலாம். எவ்வளவு வேலையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் தெரியும்.

அனுப்புவதற்கு அங்கே மூன்று படிகள் இருக்கின்றன. ஆர்கேட் முறையில் ஆட்டம் ஆகாயத்திலேயே தொடங்கும், குண்டு தீர்ந்தால் பறக்கும்போதே நிரம்பிவிடும், எங்கே குறிவைத்தால் எதிரி மேல் படும் என்று ஒரு சிறு வட்டம் காட்டிக்கொடுக்கும். ரியலிஸ்டிக் முறையில் பெரும்பாலான போர்விமானங்கள் ஓடுபாதையிலிருந்து கிளம்ப வேண்டும், குண்டு தீர்ந்தால் இறங்கி நிரப்ப வேண்டும், ஓர் ஆட்டத்துக்கு ஒரே விமானம். சிமுலேட்டர் முறையில் விமானி அறையின் ஜன்னல் வழியாக மட்டுமே உலகம் தெரியும், இன்ஸ்ட்ரக்டர் இல்லை, ஜாய்ஸ்டிக் இல்லாமல் போனால் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஒரே விமானம், ஒரே இன்ஜின். ஆனால் மூன்றாம் படியில் ஏறுபவர் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்குகிறார்.

சிமுலேட்டர் முறையில் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்விமானத்தைக் கிளப்புவதை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம். வால் சக்கரம் தரையில் இருப்பதால் மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும். நேரே ஓடுபாதையே தெரியாது. இரண்டு பக்க விளிம்புகளை வைத்துத்தான் நடுவை ஊகிக்க வேண்டும். த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளினால் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்வெளிக்குள் போகும். இதன் விசிறி, விமானி இருக்கையிலிருந்து பார்த்தால், வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசையும், விசிறி கிளப்பும் சுழல்காற்று வாலில் அடிப்பதும் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் தள்ளும். அதனால் த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வலப்பக்க ரட்டரைக் கொடுக்க வேண்டும். வேகம் கூடி வால் எழும்பியதும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் இழுப்பு இன்னொரு முறை மாறும், ரட்டரை மிதிக்கும் காலும் அதற்கேற்ப மாற வேண்டும். சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி குறைவு என்பதால் சிறிது தடுமாறினாலும் ஒரு சிறகு தரையில் உரசும். நிஜப் போரிலும் இந்த விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் உடைவதற்குப் பேர்போனது.

இதைப் பழகிய தைரியத்தில் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் பிற்கால வகையில் ஏறுபவருக்கு வேறொரு அதிர்ச்சி இருக்கிறது. மெர்லின் இன்ஜின் வைத்த ஸ்பிட்ஃபயர் இடப்பக்கம் இழுக்கும். கிரிஃபன் இன்ஜின் வைத்தது வலப்பக்கம் இழுக்கும். விசிறி எதிர்த்திசையில் சுற்றுவதுதான் காரணம். 1940களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய பிரிட்டிஷ் விமானிகளும் இந்த இடத்தில் தடுமாறினார்கள்.

கிளம்பியாயிற்று. அடுத்த கண்டம் ஸ்டால். வேகம் குறைந்தால் விமானம் விழும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில், காற்றைச் சிறகு சந்திக்கும் கோணம் அளவு மீறும்போதுதான் தூக்குவிசை சரிகிறது. எந்த வேகத்திலும் அது நடக்கலாம். சண்டையில் நடப்பது பெரும்பாலும் திருப்பத்தில். 60 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால் விமானம் தன் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். ஸ்டால் வேகம் சுமார் 41 சதவீதம் கூடும். நேராகப் பறக்கும்போது மணிக்கு 130 கி.மீ. வரை தாங்கும் விமானம், அந்தத் திருப்பத்தில் 183 கி.மீ.யிலேயே கைவிடும். துரத்தும் ஆவேசத்தில் குச்சியை வயிற்றுவரை இழுத்தவருக்கு ஒரு சிறகு சட்டென்று விழும், விமானம் சுழலும், எதிரி ஒரு குண்டுகூடச் செலவழிக்காமல் ஜெயிப்பார்.

பறப்பதற்கு இவ்வளவு போதும். பிழைப்பதற்கு வேறொரு கணக்கு வேண்டும்.

வார் தண்டரின் ரியலிஸ்டிக் ஆட்டத்தில் முதல் ஐந்து நிமிடத்தைக் கவனித்தால் யார் புதியவர் என்று சொல்லிவிடலாம். புதியவர் கிளம்பியதும் நேராக, தாழ்வாக, எதிரியின் பக்கம் போவார். பழகியவர் எதிரிக்கு முகத்தைக் காட்டாமல் ஒரு பக்கமாகத் திரும்பி, மெல்ல உயரம் ஏறிக்கொண்டிருப்பார். அதையும் செங்குத்தாகச் செய்ய மாட்டார். ஒவ்வொரு விமானத்துக்கும் நன்றாக ஏறக்கூடிய வேகம் ஒன்று உண்டு. ஸ்பிட்ஃபயருக்கு அது மணிக்கு ஏறத்தாழ 260 கி.மீ. அதற்குக் கீழே போகவிட்டு மூக்கை நிமிர்த்தினால் ஏறுவது மாதிரி தெரியும், ஏறாது.

உயரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். மோட்டார் போட்டு நிரப்ப முக்கால் மணி நேரம் ஆகும். குழாயைத் திறந்தால் வாளி நொடியில் நிரம்பும். இன்ஜின் நிமிடக்கணக்கில் சேர்த்த உயரத்தைப் பாய்ச்சலில் ஒரே மூச்சில் வேகமாக மாற்றிக்கொள்ளலாம். பாய்ந்து சுட்டுவிட்டு, அதே வேகத்தில் மறுபடி மேலே போய், செலவானதில் பெரும்பகுதியைத் திரும்ப வைத்துவிடலாம். தாழ்வாக வந்தவருக்கு எடுக்க ஒன்றும் இல்லை. இன்ஜின் அந்த நொடியில் தருவதுதான் கையிருப்பு. சுற்றிச் சுற்றித் திரும்புவதும் செலவுதான். ஒவ்வொரு கூர்மையான திருப்பமும் வேகத்தைத் தின்னும்.

இது விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த சூத்திரம் அல்ல. ஜெர்மன் விமானி ஆஸ்வால்ட் போல்க்கே 1916இல் தன் ஆட்களுக்கு எழுதிக்கொடுத்த விதிகளில் முதலாவது, தாக்கும் முன் சாதகமான நிலையைப் பிடி, முடிந்தால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வை என்பது. அமெரிக்கக் கடற்படை விமானி ராபர்ட் ஷா 1985இல் எழுதிய போர்விமானத் தந்திரங்கள் பற்றிய நூலை, இன்றைக்கும் சிமுலேட்டர் குழுக்கள் பாடப்புத்தகமாக வைத்திருக்கின்றன. வேறு எந்த வீடியோ விளையாட்டில் தேர்வதற்கு ஆட்கள் ராணுவ நூல்களைக் கரைத்துக் குடிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இந்தக் கணக்கைத் துல்லியமாகக் காட்டுவது ஜீரோவுக்கும் அமெரிக்கப் போர்விமானமான வைல்ட்கேட்டுக்குமான சண்டை. ஜீரோவின் காலி எடை சுமார் 1,680 கிலோதான். விமானிக்குக் கவசத் தகடு இல்லை, குண்டு துளைத்தால் தானாக அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டி இல்லை. அந்த லேசான உடம்பால் குறைந்த வேகத்தில் அது திரும்புகிற வட்டத்துக்குள் வைல்ட்கேட்டால் நுழையவே முடியாது. விளையாட்டிலும் அப்படியே. வைல்ட்கேட்டில் வந்த புதியவர் ஜீரோவைக் கண்டதும் அதன் பின்னாலேயே திரும்ப ஆரம்பிப்பார். இரண்டாவது சுற்றில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது மாறியிருக்கும். மூன்றாவது சுற்றுக்கு அவர் இருப்பதில்லை.

1941–42இல் சீனாவிலும் பர்மாவிலும் அமெரிக்கத் தன்னார்வ விமானிகளை நடத்திய கிளேர் செனால்ட் இதற்குத்தான் அவர்களுக்குத் தடை போட்டார்: ஜப்பானிய விமானத்தோடு சேர்ந்து திரும்பாதே, மேலிருந்து பாய், சுடு, நிற்காமல் ஓடு. ஜீரோவின் பலவீனம் எங்கே என்பது 1942 ஜூலையில் அமெரிக்கர்கள் கைக்கே வந்தது. அலாஸ்காவைச் சேர்ந்த அகுட்டான் தீவின் சேற்றில் கவிழ்ந்து கிடந்த ஒரு ஜீரோவை அவர்கள் கண்டெடுத்து, சான் டியேகோவுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, அந்த ஆண்டு செப்டம்பரில் ஓட்டிப் பார்த்தார்கள். அதிவேகத்தில் எய்லரான் இறுகிப்போய் விமானம் சாய மறுத்தது; மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் இன்ஜின் இருமியது. ஜீரோ துரத்தினால் வேகமாகப் பாய்ந்து ஒரு பக்கம் உருண்டுவிட வேண்டும் என்பது அதிலிருந்து பிறந்த ஆலோசனை. வார் தண்டரின் ஜீரோவும் பாய்ச்சலில் இறுகிக்கொள்ளும். பிடிவாதமாக இன்னும் வேகம் கூட்டினால் சிறகு பிய்ந்து போகும்.

பலர் ஆடும் விளையாட்டுக்கே எழுதியது போன்ற தந்திரம் ஒன்றும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் உருவானது. கடற்படை விமானி ஜான் தாச், 1941இல் கலிஃபோர்னியாவில் தன் வீட்டு மேசைமேல் தீக்குச்சிகளை அடுக்கி, மெதுவாகத் திரும்பும் விமானங்கள் வேகமாகத் திரும்பும் விமானத்தை எப்படிச் சமாளிக்கலாம் என்று இரவு இரவாக நகர்த்திப் பார்த்தார். விடை: இரண்டு பேர் இடைவெளி விட்டுப் பக்கத்துப் பக்கத்தில் பறக்க வேண்டும், ஒருவர் பின்னால் எதிரி வந்தால் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்ப வேண்டும். துரத்துகிறவர் தன்னையறியாமல் மற்றவரின் துப்பாக்கிக்கு நேரே வந்து நிற்பார். 1942 ஜூன் 4 அன்று மிட்வே சண்டையில் தாச் இதை நிஜமாகவே செய்து காட்டினார். விளையாட்டில் இதைச் செய்ய மைக்கில் பேசிக்கொள்ளும் ஒரு கூட்டாளி போதும். ‘என் பின்னால் ஒருத்தன்’, ‘இடப்பக்கம் திரும்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ — இவ்வளவுதான் வசனம். மட்டமான விமானத்தில் இருக்கும் சுமாரான இருவர், அருமையான விமானத்தில் தனியாக வரும் கெட்டிக்காரரை இப்படித்தான் வீழ்த்துகிறார்கள்.

சரி, எதிரி முன்னால் வந்தாயிற்று. சுட்டால் படுமா? குண்டு நொடிக்கு 800 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 300 மீட்டர் கடக்க 0.375 நொடி. குறுக்கே மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் அதற்குள் 42 மீட்டர் நகர்ந்திருக்கும். ஜீரோவின் நீளம் 9 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆக, விமானத்தின்மேல் குறிவைத்தால் குண்டு அதன் வாலுக்கு வெகு பின்னால் போகும்; மூக்குக்கு முன்னால் நான்கு விமான நீளம் தள்ளி, வெறும் காற்றில் குறிவைக்க வேண்டும். ஆர்கேட் முறையில் அந்தக் காற்றில்தான் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். வட்டம் மறைந்த பிறகு கணக்கு கண்ணுக்கு மாறுகிறது. கற்பவர்கள் சீக்கிரமே கண்டுகொள்ளும் மாற்றுவழி, கணக்கே தேவைப்படாத அளவுக்குக் கிட்டே போவது. 352 விமானங்களை வீழ்த்தியதாகப் பதிவான ஜெர்மானியர் எரிக் ஹார்ட்மன் கண்ணாடி முழுதும் எதிரி நிரம்பும்வரை காத்திருந்து சுட்டவர்.

இணைய விளையாட்டு என்பதால் இந்தக் கணக்கில் இன்னொரு வரியும் சேரும்: பிங். தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப 150 மில்லிநொடி ஆகிறது என்றால், 400 கி.மீ. வேகத்தில் அது கிட்டத்தட்ட 17 மீட்டர். எதிரி அடுத்து எங்கே இருப்பார் என்று ஊகித்துத்தான் மென்பொருள் அவரைத் திரையில் வரைகிறது. அவர் திடீரென்று திரும்பினால் ஊகம் பொய்த்து, விமானம் ஒரு கணம் துள்ளும். நம் ஊரிலிருந்து ஐரோப்பிய சர்வரில் ஆடுபவர்களுக்கு இது தினப்படி அனுபவம். மோதாமல் ஒதுங்கினேன் என்று ஒருவர் சொல்வார், மோதிவிட்டாய் என்று சர்வர் சொல்லும்.

செத்த பிறகும் பாடம் முடிவதில்லை. வார் தண்டரில் முடிந்த ஆட்டத்தின் பதிவை மறுபடி ஓட்டி, எந்த ஆட்டக்காரரின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். தன்னைச் சுட்டவரின் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பது தன்மானத்துக்கு நல்லதல்ல, கல்விக்கு நல்லது. எங்கிருந்தோ திடீரென்று வந்து அடித்தான் என்று நினைத்த ஆள், இரண்டு நிமிடமாக மேலே சூரியன் பக்கமாகவே வந்துகொண்டிருந்தார் என்று தெரியும். அந்த இரண்டு நிமிடமும் தான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதும் தெரியும்.

ஜெட் விமானங்களுக்கு வந்தால் இதே கணக்கு வேறு உடையில் நிற்கிறது. 2011இல் வந்த ‘பேட்டில்ஃபீல்ட் 3’ புதியவர்களிடம் இரக்கமே காட்டவில்லை. தொடக்கத்தில் ஜெட்டுக்குப் பீரங்கித் துப்பாக்கி மட்டும்தான். ஏவுகணையும், எதிரியின் ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறிகளும் புள்ளி சேர்த்த பிறகே கிடைக்கும். அதாவது, எல்லாம் வைத்திருப்பவர்களை ஒன்றுமில்லாமல் எதிர்த்துப் புள்ளி சேர்க்க வேண்டும். 2013இல் வந்த நான்காம் பாகத்தில் தனியாகப் பழகிப் பார்க்க ஒரு மைதானம் கொடுத்தார்கள். அந்தப் பாகத்தை ஆடியவர்களிடம் 313 என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். ஜெட் மிகக் கூர்மையாகத் திரும்பும் வேகம் அது, மணிக்கு 313 கி.மீ. நல்ல ஆட்டக்காரர்களின் கண் எதிரியின்மேல் பாதி, அந்த எண்ணின்மேல் பாதி. நிஜ விமானத்துக்கும் இப்படி ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே சிறகு ஸ்டால் ஆகும்; அதற்கு மேலே போனால் விமானியின் உடம்பும் விமானத்தின் சட்டகமும் தாங்கும் எல்லை குறுக்கே நிற்கும், வட்டம் பெரிதாகும்.

சண்டையே வேண்டாம், விமானம் ஓட்டினால் போதும் என்பவர்களுக்கும் பலர் கூடும் வானம் ஒன்று இருக்கிறது. வாட்சிம் என்ற வலையமைப்பு 2001 முதல் நடக்கிறது, கட்டணம் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரோ எக்ஸ்-பிளேனோ வைத்திருப்பவர்கள் இதில் இணைந்தால், உண்மையான ஆட்கள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாக உட்கார்ந்து வானொலியில் வழிநடத்துவார்கள். அவர்களும் தன்னார்வலர்கள், படிப்படியாகத் தேர்வு எழுதி, முதலில் தரைக் கட்டுப்பாடு, பிறகு டவர், பிறகு ரேடார் என்று ஏறியவர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அட்லாண்டிக்கைக் கடக்கும் பெருவிழா நடக்கும். அன்றைக்கு நிஜ விமான நிலையம் போலவே புறப்பட வரிசை நீளும்.

இங்கே சுடுவதற்கு ஆள் இல்லை. ஆனாலும் பயம் குறைவதில்லை. மைக் பட்டனை முதல் முறை அழுத்துவதற்குள் பலருக்கு வியர்த்துவிடும். சென்னையில் இரண்டு-ஐந்து ஓடுபாதை முனையில் ஒரு சிறு செஸ்னா விமானம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டவர் சொல்லும்: “விக்டர் டேங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, ரன்வே டூ ஃபைஃப், கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்.” ஐந்து ‘ஃபைஃப்’ ஆவதும், ஒன்பது ‘நைனர்’ ஆவதும் இரைச்சலில் எண்கள் குழம்பாமல் இருக்க. வெறுமனே ‘ஓகே’ என்றால் போதாது. ஓடுபாதை எண்ணையும் அனுமதியையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். விமானத்தை அடையாளம் காட்டத் தரப்படும் ஸ்குவாக் எண்ணில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 8ம் 9ம் வரவே வராது. ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரைதான் என்பதால் மொத்தம் 4,096 எண்கள். அவசரநிலைக்கு 7700, வானொலி பழுதானால் 7600. கடத்தலைக் குறிக்கும் 7500ஐ வாட்சிமில் வேடிக்கைக்குக்கூடப் போடக் கூடாது. பேசத் தயங்குபவர்கள் முதலில் பார்வையாளராக இணைந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரு மாலை முழுக்கக் கேட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இவ்வளவும் கற்றவர் நிஜ விமானத்தை ஓட்டிவிடுவாரா? இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரப் பறப்பு. வீட்டு மேசையில் ஓட்டிய நேரம் அந்தக் கணக்கில் ஒரு நிமிடம்கூடச் சேராது. அதற்காக விமானப்படைகள் இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவும் இல்லை. அமெரிக்க விமானப்படை 2018இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் தொடங்கிய சோதனைப் பயிற்சியில், கடையில் கிடைக்கும் மெய்நிகர் கண்ணாடியையும் கணினிச் சிமுலேட்டர் மென்பொருளையும் வைத்து மாணவர்களைத் தயார்செய்து பார்த்தது. சரிபார்ப்புப் பட்டியல், வானொலிப் பேச்சு, கருவிகளைப் படிப்பது, வேகத்துக்கும் உயரத்துக்குமான கணக்கு ஆகியவை திரையிலிருந்து நன்றாகவே இடம்பெயர்கின்றன. திருப்பத்தில் உடம்பை இருக்கையோடு அழுத்தும் கனமும், தரை தொடும் நேரத்தில் இருக்கைக்குக் கீழே உணரும் அசைவும் இடம்பெயர்வதில்லை.

சிமுலேட்டரில் பழகி வருகிற மாணவரைப் பயிற்றுநர்கள் முதல் பாடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வேகமானி, உயரமானி எங்கே இருக்கின்றன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கண் அவற்றைவிட்டு அகலாது. சிறிய திரையில் வெளி உலகம் மங்கலாகவும் எண்கள் தெளிவாகவும் இருந்ததால் வந்த பழக்கம் இது. நல்ல வெயில் நேரத்தில் சிறு விமானத்தை ஓட்ட அடிவானமும், சுற்றிவரும் மற்ற விமானங்களும்தான் கண்ணில் இருக்க வேண்டும். அதனால் பயிற்றுநர் ஓர் அட்டையை எடுத்துக் கருவிப் பலகையை மூடிவிட்டு, இப்போது ஓட்டுங்கள் என்பார்.